சாந்தி, கருணையின் வாலைக் கடித்த கதை

மஞ்சளில் சுண்ணாம்பு குழைக்கும் வாசனை வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சாதாரணச் சிரிப்பில்லை, மூக்கு வழியாகப் பீறிட்டு வரும் மரியாதை கெட்ட சிரிப்பு. போன மாதம் அலுவலகப் படியில் சறுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்ட டைப்பிஸ்ட் அம்மாளுக்கு, யாரோ ஒரு புண்ணியவதி கிண்ணத்தில் பற்று குழைத்துக் கொண்டுவந்தாள். முதலில் பச்சை மஞ்சளின் மண்வாசனை. சுண்ணாம்பு பட்டதும் அது சுள்ளென்று மாறியது. விரல் சுற்றச் சுற்ற, மஞ்சள் தன் நிறத்தை மறந்து ரத்தச் சிவப்பாகிக்கொண்டே வந்தது. வலியில் முனகுகிறவளின் எதிரே, தூணைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. (நியாயம்தான். நானாக இருந்தாலும் பேசமாட்டேன்.)

அவளிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் சிரித்தது அவள் கணுக்காலைப் பார்த்து அல்ல. நாற்பத்தேழு கோழிக்குஞ்சுகளையும், ஓர் உரலையும், அந்த உரல்மேல் ஏறி நின்ற அரசாங்க அதிகாரியையும், இருபத்தொரு வயதில் உலகத்தையே திருத்திவிடலாம் என்று நம்பிய ஒரு முட்டாள் பெண்ணையும் நினைத்து.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில், அந்த முட்டாள் பெண் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தாள். மாதர் சங்கங்களுக்குப் போய்ச் சத்துணவு, சுகாதாரம், தோட்டம், கோழி என்று எல்லாவற்றையும் கற்பிக்கிற வேலை. காலில் புதுச் செருப்பு, கையில் புது ரிஜிஸ்தர், வாயில் 'விஞ்ஞான முறைப்படி' என்கிற புது வார்த்தை. காற்றடித்தால் பறந்துவிடும் எடை எனக்கு. ஆனால் தெருவில் நடந்தால் ராஜகிரிக் கோட்டையே சற்று நகர்ந்து வழிவிடுவதாக எண்ணம்.

எங்களுடையது நயினார் குடும்பம். தமிழ் ஜைனர்கள். வேர்க்கடலை என்று நீங்கள் சொல்லும் மல்லாட்டையை வாங்கி விற்பது எங்கள் தொழில். குடிக்கிற தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், அதில் இருக்கும் சின்ன உயிருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று. கறி, மீன், முட்டை மூன்றும் எங்கள் வீட்டுப் பேச்சில்கூட நுழையாது. பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் படாது. அதிலும் எங்கள் ஊரில் ஒரு விசேஷம்: மலைகள் ஊருக்கு மேற்கே நிற்கின்றன. பஞ்சாங்கத்துச் சூரியன் மறைவதற்கு வெகு முன்னாலேயே செஞ்சிச் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விடும். என் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பஞ்சாங்கத்தை நம்பாமல் மலையைத்தான் நம்பினார். ஆகவே ஜில்லாவிலேயே முதலில் இரவு வந்து சேரும் வீடு எங்களுடையதாக இருந்தது.

வேலைக்கு அனுப்பும்போதே நைனா ஒரு கெடு வைத்தார்.

"ஒரு வருஷம் பாரு, சுலோ. வேலை நிரந்தரம் ஆச்சுன்னா போய்க்கினே இரு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆவலன்னா வூட்டுல உக்காரு. வந்தவாசிலர்ந்து கேட்டுக்கினே இருக்கறாங்க."

வந்தவாசியிலிருந்து கேட்டவரை நான் பார்த்ததில்லை. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அந்த வயதில் எனக்கு அவர் மனிதராகத் தெரியவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவாகத் தெரிந்தார்.

பதினோராவது மாதத்தில் குஞ்சுகள் வந்தன. திண்டிவனம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஐம்பது வெள்ளை லெகார்ன் குஞ்சுகள். எட்டு வாரம் வளர்த்து, மாதர் சங்கத்துப் பெண்களுக்கு ஆளுக்கு ஐந்தாகக் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக் கொட்டகைக்கு இன்னும் கூரை போடவில்லை. "யார் வூட்லயாவது எடம் இருக்குதா?" என்று மேலாளர் கேட்டு வாய் மூடுவதற்குள் நான் கையைத் தூக்கியிருந்தேன். கேள்வி முடிவதற்குள் கை தூக்கும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நயினார் வீட்டுப் பெண் கோழி வளர்க்கப் போகிறாளாம்.

உண்மையைச் சொல்லவேண்டும்: அதுவரை நான் ஒரு கோழியைக்கூடத் தொட்டதில்லை. பயிற்சியில் கோழி வகுப்பு வந்தபோது, எங்கள் வழக்கத்தைச் சொல்லி வெளியே நிற்க அனுமதி வாங்கிவிட்டேன். வேப்பமரத்தடியில் நின்று கையேட்டை மனப்பாடம் செய்தேன். அதிலும் ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அந்தப் பக்கத்தில் 'குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தித் தின்னுதல்' என்று தலைப்பு. கீழே முதுகெல்லாம் புண்ணாய் நிற்கும் ஒரு குஞ்சின் படம். பசை எடுத்து அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிட்டேன். அத்தோடு உலகத்தில் அந்த வியாதியே ஒழிந்துவிட்டதாக நிம்மதி.

நைனா ரொம்ப நேரம் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பெட்டி கீச்சுகீச்சென்றது. ஐம்பது மஞ்சள் பொட்டுகள், காதில்லாத பஞ்சுருண்டைகள், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தூங்கி, எழுந்து, தாம் எதற்குப் பிறந்தோம் என்பதையே மறந்து மீண்டும் தூங்கின.

"கொல்றதுக்கா?" என்றார்.

"இல்ல நைனா. முட்டைக்கு. அதுவும் நம்ம வூட்டுல இல்ல. எட்டு வாரத்துல போயிடும்."

"கொட்டாயில வெச்சிக்க. ஆனா கவுச்சி எதுவும் வாசலைத் தாண்டி உள்ள வரக்கூடாது. நம்ம வூட்டுல இருக்கற வரைக்கும் நம்ம சாப்பாடுதான் அதுங்களுக்கும்."

இங்கேதான் வந்தது வினை. அரசாங்கம் கொடுத்த தீனியில் ஒரு தகர டப்பா நிறைய மீன் தூள் இருந்தது. குஞ்சுகளுக்கு அதுதான் சத்து. தீனியில் நாள்தோறும் கலக்க வேண்டும் என்று கையேட்டின் ஒட்டாத பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டப்பாவைத் திறந்தாலே தெரு முழுக்கக் கடற்கரை. நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டேன். அஞ்சலை எங்கள் களத்தில் மல்லாட்டை உரிக்க வருகிறவள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் குடிசை. மாதர் சங்கத்தில் கோழிக்கு முதலில் பெயர் கொடுத்தவளும் அவள்தான். அவளிடம் நாலு நாட்டுக்கோழிகள் இருந்தன. ரிஜிஸ்தரில் நான் தினமும் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'மீன் தூள் - விதிப்படி.' (விதிப்படி வேலிக்கு அந்தப் பக்கம் போனது என்று அர்த்தம்.)

அஞ்சலை அப்போதே சொன்னாள்.

"பாப்பா, வெறும் நொய்ய போட்டா கோளி வளராது. கரையானாவது போடு. இல்லாங்காட்டி அதுங்களே ஒண்ண ஒண்ணு துன்னும்."

"அக்கா, இது நாட்டுக்கோழி இல்ல. விஞ்ஞான முறைப்படி வளர்க்கற கோழி."

"ஓ," என்றாள் அஞ்சலை, ஒரு மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு. "அப்ப விஞ்ஞான முறைப்படி துன்னும்."

இப்படியாக எங்கள் மாட்டுக் கொட்டகையில், மூங்கில் தட்டி வளைப்புக்குள், உலகத்தின் முதல் ஜைனக் கோழிகள் வளர்ந்தன. பச்சரிசி நொய், கேழ்வரகு, துணியில் வடிகட்டிய தண்ணீர். அம்மா தினமும் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கி, இலை இலையாகத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கும் புழுவையெல்லாம் குச்சியால் பக்குவமாக எடுத்துச் செம்பருத்திச் செடியில் விட்டுவிட்டு, பிறகுதான் கீரையைக் குஞ்சுகளுக்குப் போடுவாள். ஐம்பது குஞ்சுகளும் தட்டியின் இடுக்கு வழியாக, செம்பருத்தியில் ஊர்ந்து போகும் அந்தப் புழுக்களைக் கண்ணெடுக்காமல் பார்க்கும். நான் அதைக் குஞ்சுகளின் இயற்கை ரசனை என்று நினைத்தேன்.

நைனா அவற்றுக்குப் பெயர் வைத்தார். எங்கள் வீட்டுக்கேற்ற பெயர்கள்: சாந்தி, பொறுமை, கருணை, அடக்கம். எல்லாம் ஒரே வெள்ளை; எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். சாந்தி எல்லாவற்றையும்விடப் பெரியது. கழுத்தை நீட்டி, ஒற்றைக் கண்ணால் மனிதர்களை அளந்து பார்க்கும். "பாரு, எவ்ளோ அமைதியா பாக்குது," என்பார் நைனா.

மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் அம்மா தீனித் தட்டைத் தூக்கிவிடுவாள். "பொழுது சாஞ்ச பின்னாடி இன்னா தீனி? நாமளே துன்றது இல்ல." குளிருக்காக நான் கட்டித் தொங்கவிட்டிருந்த நூறு வாட்ஸ் பல்பு மட்டும் விடிய விடிய எரியும். யோசித்துப் பாருங்கள். மனிதருக்கு இரவு, குஞ்சுக்குப் பட்டப்பகல். வயிறு பசிக்கிறது, கண் தெரிகிறது, தட்டைக் காணோம், பக்கத்தில் கூட்டாளியின் புது இறகு பளபளக்கிறது. இதற்கு மேலும் ஒரு உயிர் அகிம்சையாக இருக்க வேண்டுமென்றால் அது குஞ்சாக இருக்கக்கூடாது, மகானாக இருக்கவேண்டும்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் கொட்டகையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். சாந்தி, கருணையோட வாலைக் கடிச்சிடுச்சிங்க."

கடித்ததோடு நிற்கவில்லை. கருணையின் பின்பக்கம் புண்ணாகியிருந்தது. பொறுமை, அடக்கத்தை மூலையில் தள்ளிக் கொத்திக்கொண்டிருந்தது. அடக்கம் சும்மா இருந்ததா என்றால், அது இன்னொன்றின் கால்விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் மூன்று குஞ்சுகள் போய்விட்டன. நைனா முருங்கைமரத்தடியில் அவற்றைப் புதைத்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதைவிட, அலுவலகத்திலிருந்து வந்திருந்த கடிதத்தைப் பார்க்கத் தைரியமில்லை: வெள்ளிக்கிழமை காலை, கடலூரிலிருந்து எங்கள் மேலதிகாரியான முக்கிய சேவிகா அம்மாள் குஞ்சுகளைப் பார்வையிட வருகிறார், அதைப் பொறுத்தே என் வேலையை நிரந்தரம் செய்வது பற்றி எழுதுவார். வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. வந்தவாசிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நைனா தன் முறைப்படி வைத்தியம் தொடங்கினார். தட்டிக்கு உள்ளே மணை போட்டு உட்கார்ந்து, நாற்பத்தேழு பேரையும் பார்த்துப் பேசினார்.

"ஒரு உசுரு இன்னொரு உசுர நோவடிக்கலாமா? நீயே சொல்லு. உன்ன யாராவது கொத்தினா வலிக்கும் இல்ல?"

எல்லாம் கழுத்தைச் சாய்த்துக் கேட்டன. மெய்யாகவே அசையாமல் கேட்டன. நைனா மனம் நெகிழ்ந்து, சாந்தியை நோக்கிக் குனிந்தார். அவர் காதில் சிவப்புக்கல் கடுக்கன். சாந்தி ஒரே எம்பில் அவர் முழங்கால்மேல் ஏறி, கடுக்கனில் ஒரு கொத்து கொத்தியது. நைனா காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தார்.

"கேக்குது," என்றார் அம்மாவிடம். "கிட்ட வந்து கேக்குது."

சிவப்பைக் கண்டால் கொத்துகிறது என்ற மிக எளிய செய்தி, எங்கள் மூவரின் தலைக்கு மேலே ஒரு காக்கையைப் போலப் பறந்து போனது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வியாழன் முழுவதும் நான் ஓடினேன். குஞ்சுகளைப் பிரித்தேன், பிரித்தவை பிரிந்த இடத்தில் சண்டை போட்டன. சாந்தியைத் தனியாகக் கூடை போட்டு மூடினேன். அது இல்லாத இடத்தில் பொறுமை தலைமை ஏற்றது. கூடையை எடுத்துவிட்டு நடுவில் நின்று கை தட்டினேன். என் கொலுசைக் கொத்தின. வேலிக்கு அப்பால் அஞ்சலை முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"இன்னா பாப்பா, சண்டய தீத்து வெக்கறியா?"

"ஆமாக்கா."

"எந்தப் பக்கம் ஜெயிக்குது?"

வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் கையேட்டை எடுத்தேன். ஒட்டிய பக்கத்தை வெந்நீர்த் தவலையின் ஆவியில் காட்டினேன். நிமிஷத்துக்கு ஒரு விரற்கடை திறந்தது. அந்த நேரத்தில் அம்மா பின்பக்கம் கிண்ணத்தோடு போவது ஓரக்கண்ணில் பட்டது. வாசனையும் வந்தது. மஞ்சள். பிறகு சுண்ணாம்பு. காயம் பட்ட குழந்தைக்குப் பற்றுப் போடுகிற அம்மாவின் வாசனை. நல்லதுதான், பாவம், வலி குறையும் என்று நினைத்துக்கொண்டே முதல் வரியைப் படித்தேன்.

குஞ்சுகளுக்கு எந்நேரமும் தீனி கிடைக்க வேண்டும். (தட்டைத் தூக்கினோம்.) வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும். (நூறு வாட்ஸ்.) வளர வளர இடத்தை அகலமாக்க வேண்டும். (அதே தட்டி.) தீனியில் மீன் தூள் குறையக்கூடாது. (அஞ்சலையின் கோழிகள் அந்நேரம் மயில்போல மினுங்கிக்கொண்டிருந்தன.) பூச்சி புழு உள்ள பசுங்கீரை தரலாம். (செம்பருத்தி.) எங்கள் வீட்டில் கண்ணும் கருத்துமாகச் செய்த ஒவ்வொன்றையும் யாரோ ஒளிந்திருந்து பார்த்து, அதற்கு நேரெதிராக எழுதி வைத்த மாதிரி இருந்தது. கடைசி வரி மெல்லப் பிரிந்தது: 'காயத்தின் சிவப்பு நிறமே மற்றக் குஞ்சுகளைக் கொத்தத் தூண்டும், ஆகவே எக்காரணம் கொண்டும் சிவப்பு நிற மருந்து தடவலாகாது.'

ஆவி பறக்கும் பக்கத்தோடு ஓடினேன். அம்மா திருப்தியாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பதினேழுக்கும் போட்டுட்டேன்," என்றாள்.

தட்டிக்குள் பதினேழு வெள்ளைக் குஞ்சுகளுக்குப் பின்னால் பதினேழு செக்கச் சிவந்த வால்கள். ஒரு கணம் எல்லாம் அமைதி. நாற்பத்தேழு ஜோடிக் கண்களும் தங்கள் வாழ்நாளில் இவ்வளவு சிவப்பைப் பார்த்ததில்லை. அடுத்த கணம் சாந்தி, கருணையின் பின்னால் பாய்ந்தது. கருணை, எதிரே தெரிந்த சிவப்பின் பின்னால் பாய்ந்தது. அது அதற்கு முன்னால் ஓடியதன் பின்னால். வட்டமாக, கும்மியடிப்பது போல, ஒவ்வொன்றும் துரத்துவதாகவும் ஒவ்வொன்றும் துரத்தப்படுவதாகவும், முதலும் முடிவும் இல்லாத ஒரு சிவப்புச் சக்கரம் சுழன்றது. நான் மயங்கி நின்றேன். (அழகாகவும் இருந்தது என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.)

வாசலில் நைனாவின் குரல்: "வாங்கம்மா, வாங்க. சுலோ பின்னாடிதான் இருக்குது."

முக்கிய சேவிகா அம்மாள் கதர்ப் புடவையும், வெள்ளெழுத்துக் கண்ணாடியும், காதோரம் நரையுமாக வந்தார். எங்கள் வீட்டு மரியாதைக்காகச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். இரண்டு நாளைக்கு முன் விழுப்புரத்தில் அவர் தங்கை மகள் கல்யாணம். கால்விரல் பத்திலும் மருதாணி, நன்றாகப் பிடித்து, மாதுளை முத்துப்போலச் சிவந்திருந்தது.

அதை நான் கவனித்தது, சண்டையை நிறுத்தும் பதற்றத்தில் தட்டியைத் தூக்கிவிட்ட பிறகு.

சக்கரம் அறுந்து நேர்க்கோடானது. சாந்தி முன்னால், நாற்பத்தாறு பேர் பின்னால், காய வைத்த மல்லாட்டைமேல் ஏறி இறங்கி, அம்மாளின் கால்களை நோக்கி வெள்ளம்போல வந்தார்கள். அம்மாள் முதலில் புன்னகைத்தார். குஞ்சுகளுக்குத் தன்மேல் பிரியம் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் கொத்தில் புன்னகை போனது. இரண்டாவதில் ஒற்றைக்காலில் நின்றார். மூன்றாவதில், அந்த வயதிலும் அந்தப் பதவியிலும் ஒருவர் அப்படி எம்ப முடியும் என்று நான் நினைக்காத ஓர் எம்பில், கொல்லையில் கிடந்த உரல்மேல் ஏறி நின்றார்.

"அசையாதீங்கம்மா," என்றார் நைனா கைகூப்பி. "அதுங்க கெடுதல் நினைக்காதுங்க."

"நினைக்கலன்னா ஏன்யா கொத்துது?"

சாந்தி உரலின் விளிம்பை எட்டிவிட்டது. நைனா தன் மேல்துண்டை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாளின் பாதங்களை நோக்கி வீசினார். துண்டு பாதத்தில் விழாமல் சாந்தியின்மேல் விழுந்தது. இப்போது ஒரு துண்டு தானாகக் கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தோடு துண்டின் பின்னால் ஓடினாள். நான் அம்மாவின் பின்னால் ஓடினேன்.

இதையெல்லாம் அஞ்சலை மல்லாட்டைக் குவியலின் நடுவே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு அவசரமில்லாமல் எழுந்து, முந்தானையை உதறி, வேலி இடுக்கு வழியாகத் தன் பக்கம் போனாள். அங்கே அவள் தன் கோழிகளுக்காகச் சாணியும் சருகும் அடைத்துக் கவிழ்த்து வைத்திருந்த பழைய பானை ஒன்று உண்டு. இரண்டு நாளில் அதற்குள் கரையான் பொங்கிவிடும். அதை நிமிர்த்திக் கொட்டினாள்.

"பா... பா... பா..."

நாற்பத்தேழும் நின்றன. திரும்பின. வேலி இடுக்கில் பாலாறுபோல வழிந்து அந்தப் பக்கம் போயின. கடைசியில் துண்டும் போனது. பிறகு அப்படி ஓர் அமைதி. டிக் டிக் டிக் டிக் என்று நாற்பத்தேழு அலகுகள் மண்ணில் படும் சத்தம் மட்டும். யாரும் யாருடைய வாலையும் பார்க்கவில்லை.

அவை என்ன தின்கின்றன என்று நைனாவுக்குத் தெரியும். அவர் மெதுவாக முதுகைத் திருப்பிக்கொண்டு, பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கும் ராஜகிரியை, நேற்றுத்தான் யாரோ கொண்டுவந்து வைத்தது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாள் உரலைவிட்டு இறங்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"இதுங்களுக்கு என்ன தீனி போடறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா பெருமையாகச் சொன்னார்: "சுத்த சைவம்மா. நொய்யி, கேவுரு, கீரை. பொழுது சாஞ்சா ஒரு மணி குடுக்கறது கெடயாது."

"மீன் தூள்?"

"எங்க வூட்டுலயா? அது எப்பிடிம்மா வரும்?"

அம்மாள் ரிஜிஸ்தரைக் கேட்டார். கொடுத்தேன். 'மீன் தூள் - விதிப்படி. மீன் தூள் - விதிப்படி.' முப்பத்தேழு நாள், முத்து முத்தான எழுத்தில். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நைனாவும் எட்டிப் படித்தார். குஞ்சுகள் செத்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. நான் கோழி வளர்த்தது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. பொய் எழுதியது அப்படி இல்லை. அவ்வளவுதான், வேலை போயிற்று என்று என் காலடி மண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"மூணு மணி பஸ்ஸுக்கு நான் போகணும்," என்றார் அம்மாள். "அதுக்குள்ள நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. ஒண்ணு விடாம. இன்னொரு 'விதிப்படி' பார்த்தேன்னா இந்த உரல்ல போட்டு உன்னை இடிச்சிடுவேன்."

கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். கை தூக்கியதில் தொடங்கி, ஒட்டிய பக்கம், மீன் தூள், செம்பருத்தியில் போன புழு, மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறையும் சூரியன், நைனாவின் கடுக்கன், பதினேழு வால். அழுதுகொண்டேதான் எழுத ஆரம்பித்தேன்; எங்கேயோ ஆறாம் பக்கத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மொத்தம் பதினோரு பக்கம். என் கை எழுதிய முதல் உண்மையான உரைநடை அது. ஓர் அரசாங்கக் கோப்பில் எங்கேயாவது கரையான் தின்றுகொண்டிருக்கும். (தின்னட்டும். அதற்கும் எங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.)

அம்மாள் சாப்பிட்டுவிட்டு, காலை மணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு தோள். பிறகு வளையலெல்லாம் சேர்ந்து சிரித்தன. தன் கால்விரல் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, "இது தேவையா?" என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்களே என்றேன். பக்கத்தைத் திருப்பினார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. என்னை நிரந்தரம் செய்திருந்தார்கள். கீழே ஒரு வரி, அம்மாளின் கையெழுத்திலேயே: 'கோழி நீங்கலாக, மற்ற எல்லாப் பணிகளுக்கும்.' அந்த 'கோழி நீங்கலாக' என் பணிப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. எனக்குப் பிற்பாடு வந்த மேலதிகாரிகள் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்ப்பார்கள்.

குடும்பத்துக்குள் அது வேறு விதமாகத் தங்கிவிட்டது. பந்தியில் குழந்தைகள் அடித்துக்கொண்டால், "யாரு தட்டத் தூக்கினது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். என் மகன் சினேகிதர்களோடு பொழுது சாய்ந்த பின் வெளியே கிளம்பும்போது எங்கே என்று கேட்டால், எங்கே என்பதை விட்டுவிட்டு, நைனா அன்று மாலை வேலியோரம் கடைசியாகச் சொன்ன வார்த்தையை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறான். நானும் அதற்கு மேல் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் பாசத்தைச் சொல்ல இப்போது வேறு சொல் எதுவும் பாக்கியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, அம்மாளின் உத்தரவுப்படி, நாற்பத்தேழு குஞ்சுகளும் எட்டு வாரம் முடியும்வரை அஞ்சலையின் பொறுப்புக்குப் போயின. நாலு கூடைகள். மூன்றை நானும் அம்மாவும் வேலி வரை தூக்கிக் கொடுத்தோம். நாலாவதை நைனா தூக்கிவந்தார். அதில் சாந்தி இருந்தது. கருணையும் அதிலேயே இருந்தது. அவர்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். காலையிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வேலி இடுக்கில் கூடையை நீட்டினார், ஆனால் விடவில்லை. அஞ்சலை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். சூரியன் ராஜகிரியின் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"குடுங்க நயினாரே," என்றாள் அஞ்சலை. "நான் பாத்துக்கறேன்."

நைனா கூடைக்குள் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். தலையைத் திருப்பாமலே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ராத்திரிக்கும் தட்டுல எதுனா இருக்கட்டும், அஞ்சல. இன்னா போடறன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத."